மீசைக்குப் பின்னால் ஒரு ஆபரேஷன்: 1893-ல் அதிபர் கிளீவ்லேண்ட் மறைத்த ரகசியம்

[திரையில்: ஒனைடா உல்லாசப் படகு]

1893 ஜூன் 30. ஆகஸ்ட் 7-ம் தேதி காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அவசரமா கூடணும்னு அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லேண்ட் அறிவிச்சார். அன்னைக்கு ராத்திரியே நியூயார்க்ல நண்பரோட படகுல ஏறிட்டார். ஓய்வெடுக்கப் போறார்னுதான் வெளியில தெரியும். படகுக்குள்ள அறுவை சிகிச்சைக்கு எல்லாம் தயாரா இருந்துச்சு.

அவரோட மேல் அண்ணத்துல, இடது பக்கம், கால் டாலர் நாணயம் அளவுக்குப் புண். புற்றுநோய்.

அதை ஏன் மறைக்கணும்? நாட்டுல வங்கிகள் வரிசையா விழுந்துக்கிட்டிருந்த நேரம் அது. அரசாங்கம் மாசாமாசம் வெள்ளி வாங்கணும்ங்கிற சட்டத்தால கஜானாவுல தங்கம் கரையுதுன்னு கிளீவ்லேண்ட் உறுதியா நம்பினார். அந்தச் சட்டத்தை ரத்து பண்ணத்தான் காங்கிரஸைக் கூட்டினார். அதிபருக்கு ஏதாவது ஆனா பதவிக்கு வரவேண்டிய துணை அதிபர் அட்லாய் ஸ்டீவன்சனோ வெள்ளி வாங்குறதை ஆதரிக்கிற பக்கம் சாய்ஞ்சவர். அதிபர் பிழைப்பாரான்னு ஒரு சந்தேகம் கிளம்பினாலே சந்தை ஆடிப்போயிடும்.

[திரையில்: மேல்தாடையின் வரைபடம்]

மேல்தாடை எலும்பை எடுக்க வழக்கமா கன்னத்தைக் கீறித் திறப்பாங்க. இங்கே அது முடியாது. முகத்துல தழும்பு விழக் கூடாது, அந்தப் பெரிய மீசையையும் எடுக்கக் கூடாது. அதனால எல்லாமே வாய் வழியாத்தான். ஆபரேஷன் குழுவுல இருந்த டாக்டர் கீன் பாரிஸ்ல இருந்து வாங்கி வந்து வெச்சிருந்த, கன்னத்தை விலக்கிப் பிடிக்கிற கருவி ஒண்ணு இருந்துச்சு. அது இல்லேன்னா இந்த வேலை ரொம்பக் கஷ்டம்.

ஜூலை 1, மதியம். படகு மெதுவா போய்க்கிட்டிருக்கு. உள்ளறையில பாய்மரக் கம்பத்தோட நாற்காலியைச் சேர்த்துக் கட்டி, அதிபரை அதுல உட்கார வெச்சிருக்காங்க. டாக்டர்கள் கத்தியைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தாங்க. 56 வயசு, பருத்த உடம்பு, தடிச்ச கழுத்து. முதல்ல நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்துப் பல்லைப் பிடுங்கினாங்க. அதோட வேகம் சீக்கிரமே குறைஞ்சிடும். அதனால பிறகு ஈதருக்கு மாறினாங்க. டாக்டர் ஜோசப் பிரையன்ட் முன்கடைவாய்ப் பல்லுல தொடங்கிக் கடைசிக் கடைவாய்ப் பல் தாண்டி வரைக்கும் இடது மேல்தாடையை எடுத்தார். மென்மையான அண்ணத்துலயும் கொஞ்சம் போச்சு. கண்குழியோட அடித்தளத்தை மட்டும் தொடவே இல்லை. அது போனா கண் இறங்கிடும், பார்க்குறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. ரத்தத்தை அழுத்தியும், வெந்நீர் விட்டும், ஒரு இடத்துல மின்சூட்டால சுட்டும் நிறுத்தினாங்க. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள குழிக்குள்ள துணியடைச்சு முடிச்சாச்சு.

சந்தேகமா இருந்த மிச்சத் திசுவை எடுக்க ஜூலை 17-ல அதே படகுல மறுபடியும் ஒரு ஆபரேஷன்.

பேச்சுதான் அடுத்த சிக்கல். அடைச்ச துணியை எடுத்தா, அவர் பேசுறது ஒரு வார்த்தையும் புரியாது. அண்ணத்துல ஓட்டை இருந்தா காத்து மூக்கு வழியா போயிடும். கேசன் கிப்சன்னு ஒரு பல் மருத்துவர் கெட்டி ரப்பர்ல அந்தக் குழிக்குச் சரியா பொருந்துற அண்ணம் செஞ்சு கொடுத்தார். அதை மாட்டினதும் பழைய குரல் திரும்பிடுச்சு. வெளியில சொன்னது என்ன? மூட்டு வாதம், அப்புறம் பல் பிடுங்கினது. வெள்ளிச் சட்டமும் நவம்பர் 1-ல ரத்தாச்சு. கிளீவ்லேண்ட் 1908 வரை வாழ்ந்தார்.

[திரையில்: 1893 ஆகஸ்ட் 29 தேதியிட்ட செய்தித்தாள்]

இதுல அடிபட்டவர் ஒருத்தர் உண்டு. மயக்க மருந்து கொடுத்த பல் மருத்துவர் ஹாஸ்ப்ரூக் வாய்விட்ட விஷயம் பத்திரிகையாளர் ஈ. ஜே. எட்வர்ட்ஸ் காதுக்குப் போச்சு. அவர் விசாரிச்சு, பிலடெல்பியா பிரஸ்ல எழுதினார். உண்மையை எழுதினவரைப் பொய்யர்னு தூத்தினாங்க. 24 வருஷம் அந்தப் பழியோட இருந்தார். 1917-லதான், 80 வயசுல, டாக்டர் கீன் நடந்ததை முழுசா எழுதினார். எட்வர்ட்ஸ் எழுதினது சரின்னும் அதுல சொன்னார்.