40 நாடுகளில் கடைசி இடம் இந்தியாவுக்கு. அதே அறிக்கையில் பாராட்டு கேரளத்துக்கு! எப்படி?

[திரையில்: இந்திய வரைபடம். கேரளம் மட்டும் பச்சை நிறத்தில்.]

வணக்கம். தீராத நோயோடு படுக்கையில் கிடப்பவர்களை எந்த நாடு நன்றாகக் கவனித்துக்கொள்கிறது? 2010ஆம் ஆண்டு எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு அமைப்பு இதற்கு ஒரு தரவரிசை வெளியிட்டது. மொத்தம் 40 நாடுகள். இந்தியாவுக்கு 40ஆவது இடம்.

அந்த அறிக்கையிலேயே இன்னொரு வரியும் இருந்தது. நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் மட்டுமே உள்ள கேரளம், அப்போது இந்தியா முழுவதும் கிடைத்த நோய் ஆதரவுச் சிகிச்சையில், அதாவது தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பில், மூன்றில் இரண்டு பங்கைத் தந்தது!

பெரிய பெரிய மருத்துவமனைகளைக் கட்டியா இதைச் சாதித்தார்கள்? இல்லவே இல்லை. முழுக் கதையையும் கேளுங்கள்.

[திரையில்: 1993, கோழிக்கோடு]

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானோர் வலி நிவாரணத்துக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். புற்றுநோயாளிகளுக்கு வலி தணிந்தது, கூட்டம் பெருகியது. ஆனால் எழுந்து நடக்கவே முடியாதவர்கள் எப்படி வருவார்கள்? ஒரு முறை கோழிக்கோடு வந்துபோக ஆகும் வண்டிச் செலவே பல குடும்பங்களுக்குத் தாங்காது.

இந்த இடத்தில்தான் கதை மலப்புறத்துக்குப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டையொட்டி அங்கே உருவான அமைப்புக்கு அண்டைவீட்டார் வலைப்பின்னல் என்று பொருள்படும் பெயர். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிந்தவர்கள் வாருங்கள் என்று அழைத்தார்கள். வந்தவர்களுக்கு 16 மணி நேர வகுப்பு, அதோடு நான்கு நாள் நேரடிப் பயிற்சி. அவ்வளவுதான். பிறகு பத்துப் பதினைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரில் படுக்கையில் கிடப்பவர்கள் யார் யார் என்று தேடிக் கிளம்பினார்கள்.

[திரையில்: ஒரு வீட்டு வாசல், செவிலியரின் பை]

ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கும் ஒருவர். செவிலியர் படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார். கூட வந்த தன்னார்வலருக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அடுக்களையில் அரிசிப் பாத்திரம் காலியாக இருப்பது அவர் கண்ணில் படுகிறது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பதும் படுகிறது. ‘பீஸ் கட்டவில்லையா?’ என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, ஏனென்றால் அவர் அடுத்த தெருக்காரர். அந்தக் குடும்பத்துக்கு அரிசியும் பிள்ளையின் படிப்புச் செலவும் சேர்ந்துதான் சிகிச்சை.

எவ்வளவு நவீனமான ஸ்கேன் கருவியும் அந்தக் காலிப் பாத்திரத்தைக் காட்டாது, நண்பர்களே! எந்த வீட்டில் யார் பேச்சுக்கு மதிப்பு, யாரிடம் வண்டி இருக்கிறது, யார் மனமுவந்து பணம் கொடுப்பார், இதெல்லாம் ஊருக்குத் தெரியும். மருத்துவத் துறை இந்த அறிவை இலவச இணைப்பாக நினைக்கிறது. என்னைக் கேட்டால் முதலீடே இதுதான்.

இந்தக் குழுக்களுக்குப் பெரும்பாலான பணம் உள்ளூரிலேயே சிறு சிறு தொகையாகத் திரண்டது. கடைகளில் உண்டியல் வைத்தார்கள். மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்ன செய்வது என்று முடிவெடுப்பதிலும் ஊருக்குப் பங்கு இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சுமக்கும் ஆட்களாக மட்டும் யாரும் நிற்கவில்லை.

[திரையில்: 2008]

அரசு எப்போது வந்தது? 2008இல். நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம். வீடு தேடிச் செல்லும் சேவை பஞ்சாயத்துகளின் பொறுப்பானது. பயிற்சி பெற்ற செவிலியருக்குச் சம்பளம் பொதுப்பணத்திலிருந்து வந்தது. ஊர் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த பாதையில் அரசு வண்டி ஓட்டியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘மக்களே பார்த்துக்கொள்கிறார்களே, நிதி எதற்கு?’ என்று எந்த அரசாவது கேட்டால் அது அநியாயம். அன்பாக நான்கு வார்த்தை பேசுவது அண்டைவீட்டாரால் முடியும். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரைக்கும் செவிலியர் சம்பளத்துக்கும் அரசுதான் பொறுப்பு.

இங்கிலாந்தில் ஃப்ரூம் என்ற சிற்றூரிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 2013இல் குடும்ப மருத்துவரான டாக்டர் ஹெலன் கிங்ஸ்டனின் மருத்துவ மையம், ஊரில் இருக்கும் குழுக்களையெல்லாம் பட்டியலிட்டு நோயாளிகளை அவற்றோடு இணைத்தது. 2017 வரையிலான காலத்தில் ஃப்ரூமில் அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிகழ்வுகள் 14 சதவீதம் குறைந்தன. அதைச் சுற்றியுள்ள சாமர்செட் மாவட்டத்தில் 28.5 சதவீதம் கூடின. இந்த ஒரு முயற்சிதான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்த பிறகு எந்தச் சுகாதாரத் துறையும் சும்மா இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. நல்ல தொடக்கம், மனமாரப் பாராட்டுகிறேன். அடுத்த படியாக, இந்தத் திட்டத்துக்காக வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களோடு உங்கள் தெருவின் மகளிர் சுயஉதவிக் குழுவும் நூலகமும் கோயில் அன்னதானக் குழுவும் கைகோக்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் வார்டில் படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடியவர் யார்? நீங்களா, ஓய்வுபெற்ற உங்கள் ஆசிரியரா, பக்கத்து ஆட்டோ நிறுத்தத்து அண்ணனா? பெயரை வெளியிட வேண்டாம், அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில், பஞ்சாயத்து கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக எப்படிக் கொண்டுவருவது என்று பார்ப்போம்.