ஆளு அதே ஆளுதான், ஆபீஸ்தான் வேற

நடுவர் ஐயாவுக்கும் சபையில இருக்குற எல்லாருக்கும் வணக்கம். அரசு திட்டத்த நடத்துற ப்ராஜெக்ட் மேனேஜருக்கு திறமை எங்கருந்து வருது, அவரோட சொந்த சாமர்த்தியத்துல இருந்தா, இல்ல அவர் வேலை பாக்குற நிறுவனம் எதை மதிக்குதோ அதுல இருந்தா? நிறுவனம்தான்னு சொல்ல வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் அக்கா பாம்பன் பாலத்த கையில எடுத்தாங்க. 1964 டிசம்பர் புயல்ல பாலம் போச்சு, சரி பண்ண ரயில்வே ஆறு மாசம் குடுத்துச்சு, ஸ்ரீதரன்னு 32 வயசு இன்ஜினியர் 46 நாள்ல முடிச்சுட்டார், இது தனிமனுஷ திறமை இல்லாம வேற என்னன்னு கேட்டாங்க, சபையே கை தட்டுச்சு, நானும் சேர்ந்துதான் தட்டினேன். அவர் திறமைல எனக்கு துளி சந்தேகம் கிடையாது. ஆனா அதுக்கப்புறம் அவர் எங்க போனார்னு அக்கா சொல்லவே இல்லையே?

1970ல கல்கத்தா மெட்ரோ வேலைக்கு போனார் ஐயா. அந்த திட்டத்துக்கு ப்ளான் போட்டு டிசைன் பண்ற பொறுப்பே அவருகிட்டதான். 1972ல அடிக்கல் நட்டாங்க, முதல் ரயில் ஓடினது 1984ல, அதுவும் மூணரை கிலோமீட்டருக்கும் கம்மி, பதினாறு சொச்சம் கிலோமீட்டர் முழுசா முடிய 1995 ஆயிடுச்சு. நடுவுல 1975லயே அவர் கிளம்பிட்டார், அதனால தாமதம் மொத்தத்தையும் அவர் தலைல கட்டுறது நியாயம் இல்ல. நான் கேக்குறது வேற, பாம்பன்ல 46 நாள்ல ஜெயிச்ச அதே திறமை ஏன் அந்த திட்டத்துக்கு ஒரு வேகத்த குடுக்க முடியல? பணம் நேரத்துக்கு வரல, பூமிக்கடியில இருந்த பைப்பையும் கேபிளையும் மாத்த முடியல, கோர்ட்டு தடை, சாமான் சப்ளை இல்ல. யாருக்கும் முடிவெடுக்க அதிகாரம் இல்லாத இடத்துல எவ்ளோ பெரிய கெட்டிக்காரனும் லெட்டர் எழுதிட்டுதான் உக்காந்திருக்கணும்.

இப்ப டெல்லிக்கு வாங்க. 1995ல மத்திய அரசும் டெல்லி அரசும் பாதி பாதி போட்டு டெல்லி மெட்ரோ கட்ட தனி கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1997ல அதே ஸ்ரீதரன் தலைவரா வந்தார். 1998ல வேலை ஆரம்பம், முதல் கட்டம் 65 கிலோமீட்டர், பத்து வருஷம் ஆகும்னு போட்ட கணக்கு, 2005லயே முடிஞ்சுது!

"அதான் ஸ்ரீதரன் இருந்தாரே"ன்னு சொல்லுவீங்க. அவர் ஒரு ஆள். சைட்டுல நின்ன நூத்துக்கணக்கான இன்ஜினியருங்க யாரு, அதே ரயில்வேல இருந்து டெபுடேஷன்ல, அதாவது கொஞ்ச காலத்துக்கு அனுப்பி வச்சு, வந்தவங்கதான் நிறைய பேரு, வானத்துல இருந்து குதிக்கல. அங்க என்ன மாறுச்சுன்னா, சைட்டுல ஒரு கடிகாரம் வச்சிருந்தாங்க, முடிக்க இன்னும் எத்தன நாள் பாக்கின்னு தலைகீழா எண்ணிட்டே வரும், தினம் காலைல அது முகத்துல முழிக்கணும். மண்ணு லாரி கேட்ட தாண்டுறதுக்கு முன்னாடி டயர தண்ணி அடிச்சு கழுவித்தான் ரோட்டுக்கு விடணும், ஏன்னா ரோட்டுல போற ஜனங்களுக்கு சேறு படக்கூடாது. திங்கட்கிழமை துறைத் தலைவருங்க ஒண்ணா உக்காந்தா முடிவு அங்கயே, ஃபைல் மேஜை மேஜையா சுத்தாது. இப்படி ஒரு இடத்துல ரெண்டு வருஷம் நின்னா ஒரு சாதாரண இன்ஜினியருக்கே நேரக் கணக்கு, ஜனங்க மேல அக்கறை, தைரியமா முடிவெடுக்குறது எல்லாம் தானா வந்துரும், ட்ரெயினிங் க்ளாஸ்ல பவர்பாயிண்ட் போட்டா வராது. அதே ஆள ஆடிட்டுக்கு பயந்து நடுங்குற ஆபீஸ்ல போட்டுப் பாருங்க, மாட்டிக்காம நோட் எழுதுறதுல எக்ஸ்பர்ட் ஆயிடுவார், அதுவும் திறமைதான், ஆனா பாலம் வராது.

எல்லாம் சுத்தமா நடந்துச்சுன்னு சொல்ல வரல. 2009 ஜூலைல டெல்லி ஜம்ருத்பூர்ல கட்டிட்டிருந்த மெட்ரோ பாலம் இடிஞ்சு ஆறு பேரு செத்தாங்க, அந்த உயிருக்கு எந்த பதிலும் ஈடாகாது. ஆனா அன்னைக்கே ஸ்ரீதரன் பொறுப்பு ஏத்து ராஜினாமா குடுத்தார், அரசு ஏத்துக்கல. கான்ட்ராக்டர கைய காட்டிட்டு தலைவர் ஒதுங்கிக்கிறத பாக்குற சின்ன இன்ஜினியர் என்ன கத்துக்குவார், தலைவரே முன்னாடி வந்து நிக்கிறத பாக்குறவர் என்ன கத்துக்குவார், நீங்களே யோசிச்சுப் பாருங்க.

2011 கடைசில அவர் ஓய்வு பெற்றுட்டார். அதுக்கப்புறம் மூணாவது கட்ட வேலைல தேதி தள்ளிப் போனது உண்மை, மறைக்கல. ஆனாலும் கம்பெனி படுத்துக்கல, இன்னைக்கு டெல்லி மெட்ரோ 350 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, அதை கட்டினவங்கள்ல எத்தன பேரோட பேரு இந்த சபைக்கு தெரியும்? பேரு தெரியாத அந்த மேனேஜருங்கள உருவாக்கினது அந்த நிறுவனம்தான் ஐயா.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சுக்கறேன். அடுத்து பேச வர்ற எதிரணி தம்பி கல்கத்தாவுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிட்டு மத்தத பேசட்டும்.