கால்வினைப் படிச்சு மிரண்டுபோன கார்ல் பார்த்

வணக்கம். 20ஆம் நூற்றாண்டோட பெரிய புரொட்டஸ்டண்ட் இறையியலாளர் யாருன்னு கேட்டா நிறைய பேர் கார்ல் பார்த் பேரைத்தான் சொல்வாங்க. ஆனா 1921ல ஜெர்மனியில கோட்டிங்கன் யுனிவர்சிட்டி சீர்திருத்த சபை இறையியல் சொல்லிக்கொடுக்க அவரைக் கூப்பிட்டப்போ, அந்தச் சபையோட விசுவாச அறிக்கைகள் அவர்கிட்ட இல்லவே இல்ல, படிச்சதும் இல்ல, இதைப் பின்னாடி அவரே சொல்லியிருக்கார். சுவிட்சர்லாந்துல சாஃபன்வில்ங்கிற ஊர்ல பத்து வருஷம் போதகரா இருந்தவர், டாக்டர் பட்டமும் கிடையாது, ரோமர் நிருபத்துக்கு எழுதின விளக்கவுரையால வந்த வேலை.

அதனால ராத்திரியில உக்காந்து படிக்கறது, காலையில கிளாஸ்ல போய் அதைச் சொல்றதுன்னு ஓடுச்சு. 1922 கோடையில எடுத்த பாடம், 16ஆம் நூற்றாண்டுல சீர்திருத்த சபை மரபுக்கு அடித்தளம் போட்ட கால்வின்.

(திரையில்: ஜான் கால்வின், 1509–1564)

அந்த ஜூன்ல நண்பர் துர்னைசனுக்கு ஒரு லெட்டர் எழுதறார் பாருங்க, கால்வினை அருவிங்கறார், ஆதிக்காடுங்கறார், இமயமலையிலருந்து நேரா இறங்கி வந்த ஏதோ ஒண்ணுங்கறார், இதை உள்வாங்கவே தன்னால முடியல, அப்புறம் எங்க விளக்கறதுங்கறார், மிச்ச ஆயுசு முழுக்க கால்வினோடவே இருந்துடலாம்னும் சொல்றார்.

இவ்ளோ மிரண்டவர் கிளிப்பிள்ளை ஆகல, எனக்கு அதுதான் ரொம்பப் பெருசா படுது. கால்வின் சொன்னதை அப்படியே ஒப்பிக்கறவங்க கால்வின்கிட்ட பாடம் கத்துக்கவே இல்லன்னு அந்த கிளாஸ்லயே சொல்லிட்டார்.

நடுவுல நிறைய நடந்துச்சு. 1934ல சபைக்குள்ள நாஜிக்கள் தலையிடறதை எதிர்த்த பார்மன் அறிக்கை, ஹிட்லருக்கு நிபந்தனையில்லாம விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன்னதால 1935ல பான் யுனிவர்சிட்டி வேலை போச்சு, சொந்த ஊர் பாசெலுக்கே திரும்பினார்.

1942ல அவரோட பெரிய நூல் வரிசையில முன்குறித்தலுக்கு வர்றார். உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே தேவன் சிலரை நித்திய ஜீவனுக்கும் சிலரை நித்திய ஆக்கினைக்கும் முன்குறிச்சுட்டார்னு கால்வின் சொன்னார்ல, பார்த் கேக்கறது என்னன்னா, அப்போ கிறிஸ்துவுக்குப் பின்னால இன்னொரு ரகசியத் தீர்மானம் எழுதி வச்சிருக்கா, நாம நம்பறது எதை? அவரோட பதில், தெரிந்துகொள்ற, அதாவது தேர்ந்தெடுக்கற தேவனும் கிறிஸ்துதான், தெரிந்துகொள்ளப்பட்ட மனுஷனும் கிறிஸ்துதான், தள்ளப்படுறதையும் சிலுவையில அவரே ஏத்துக்கிட்டார்.

இது கால்வினையே விட்டுட்டுப் போறதுன்னு சீர்திருத்த சபையிலயே பலர் ஏத்துக்கல, அப்போ எல்லாரும் இரட்சிக்கப்படுவாங்களாங்கிற கேள்வியும் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. என்னைக் கேட்டா பார்த் கேட்ட கேள்வி நியாயமானது, எந்த விசுவாசியும் ஒரு நாள் கேக்கற கேள்விதான். கால்வினோட முக்கிய நூலான இன்ஸ்டிடியூட்ஸ்ல மூணாவது புத்தகம், 21லருந்து 24 வரைக்கும் உள்ள அதிகாரங்களை முதல்ல படிச்சுட்டு அப்புறம் பார்த்தைப் படிங்க, யார் பக்கம்னு கமெண்ட்ல எழுதுங்க.