இரண்டு ராத்திரி தங்குங்கள்

வணக்கம். சனி, ஞாயிறு என்றால் குடும்பத்தோடு கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புகிறோம். சனிக்கிழமை மத்தியானம் போய் இறங்குகிறோம். ஞாயிறு காலையில் பல் தேய்த்த கையோடு பையைக் கட்டுகிறோம். இதற்குப் பெயர் தங்கிவிட்டு வருவதா? எட்டிப் பார்த்துவிட்டு வருவது. பல வருடமாக நான் சொந்தபந்தங்களிடம் நச்சரித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: போனால் இரண்டு ராத்திரி தங்குங்கள். வெள்ளிக்கிழமை நடுராத்திரி போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை.

ஏன் இரண்டு? முதல் ராத்திரி நீங்கள் ஒழுங்காகத் தூங்கப்போவதில்லை.

என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தி புது உறை போட்ட தலையணை, துவைத்து மடித்த போர்வை எல்லாம் எடுத்துவைத்து, மின்விசிறியையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். எனக்கோ தூக்கம் வரவில்லை. எங்கோ ஒரு தகரம் டக்கென்றது, விழித்தேன். தொழுவத்தில் மாடு தலையை ஆட்டியது, மறுபடி விழித்தேன். காலையில் என் முகத்தைப் பார்த்ததுமே சித்தி கேட்டுவிட்டார்: "ஏம்ப்பா, மெத்தை சரியில்லையா?" இல்லை சித்தி, இல்லை சித்தி என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அடுத்த முறை போனபோது ஒரு புது மெத்தை காத்திருந்தது. எனக்காகவே வாங்கியது. அதிலும் முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை! அதை வெளியே சொல்ல முடியுமா? கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, காலையில் "அருமையான தூக்கம் சித்தி" என்றேன்.

குற்றம் மெத்தையில் இல்லை, மூளையில் இருக்கிறது. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2016ல் இதை வெளியிட்டார்கள். புது இடத்தில் முதல் ராத்திரி, மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை. பாதி தூங்குகிறது, பாதி காவல் காக்கிறது. டால்பினும் சில பறவைகளும் பாதி மூளையை விழிப்பில் வைத்தே தூங்கும், அந்தச் சங்கதியில் கொஞ்சம் நமக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே ஆட்கள் பிறகு இன்னொரு முறை அதே இடத்தில் தூங்கியபோது இந்த வித்தியாசத்தைக் காணோம். இடம் பழகிவிட்டது. ஆக, சித்திமார்களே, மெத்தை வாங்காதீர்கள். விருந்தாளிகளே, இரண்டாவது ராத்திரியும் தங்குங்கள்.

சரி, அந்த முதல் ராத்திரியை என்ன செய்வது? வெளியே வந்து இருட்டில் உட்காருங்கள். இது வானொலி, வானத்தை உங்களுக்குக் காட்ட முடியாது. சொல்லத்தான் முடியும். விளக்கை அணைத்ததும் நட்சத்திரம் தெரியாது, ஏதோ இருட்டு என்றுதான் இருக்கும். நம்மில் பலரும் அந்த இரண்டாவது நிமிடத்திலேயே எழுந்து உள்ளே போய்விடுகிறோம். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்றே இருக்கிற செல்களில் ஒரு நிறமி உண்டு. வெளிச்சம் பட்டால் அது வெளுத்துப்போகும், திரும்ப ஊற நேரம் எடுக்கும். இருபத்தைந்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்துவிட்டு, "மணி என்ன?" என்று யாராவது கைபேசியைத் திறந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து! என் பேரன் இதை மூன்று தடவை செய்தான். நாலாவது தடவை கைபேசியை என் சட்டைப்பைக்குள் வாங்கிவைத்துக்கொண்டேன். அப்புறம் அவனே கேட்டான்: "தாத்தா, அந்தப் புகை எங்கேயிருந்து வருது?" புகை இல்லை, பால்வீதி. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தங்கள் இடத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது, அவ்வளவு விளக்கு. அவனும் ஏழு வயதில் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தான்.

விடியற்காலையில் சேவல் எழுப்பிவிடும். திட்டாதீர்கள். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்று நினைக்கிறோம் இல்லையா? ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் நேரத்துக்குக் கூவின. கடிகாரம் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கூட்டத்தில் மூத்த அந்தஸ்து உள்ள சேவல்தான் முதலில் கூவுமாம், மற்றவை வரிசைப்படி பின்னால். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு ஒரே பெருமை. அந்த வீட்டில் முதலில் எழுந்து சத்தம் போடுகிறவர் அவர்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு ராத்திரி என்கிறாரோ என்று பார்த்தேன், இரண்டு நிமிடமாம். போகிற வழியைவிடத் திரும்பி வருகிற வழி ஏன் குறைச்சலாகத் தெரிகிறது என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் இல்லை. பின்சீட்டில் பிள்ளைகளுக்கு வாந்தி வருவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடுகிறது என்று காது சொல்கிறது, கையில் இருக்கிற திரையைப் பார்க்கும் கண்ணோ ஓடவில்லை என்கிறது, அந்தச் சண்டைதான் வயிற்றைப் பிரட்டுகிறது. திரையை வாங்கி வைத்துவிட்டு, முன்கண்ணாடி வழியாகத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும். வணக்கம்.