ஆனைக்கு முன்னே வந்த பலூன்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையில் என்னை ‘உலக அரசியல் நிபுணர்’ என்று சொல்லிக் கூச்சப்பட வைத்த செயலாளர் அவர்களே, வெயிலையும் பாராமல் வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ஐயா அவர்களே, மைக் கட்டிய தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம்.

மூன்றே விஷயங்கள்தான். ஐரோப்பா ராணுவத்துக்கு எவ்வளவு செலவழிக்கப் போகிறது, ரஷ்யா மீதான பயம் உண்மைதானா, அந்தப் பணம் எதற்குப் போகிறது.

2014இல் பிரிட்டனின் வேல்ஸில் கூடிய நேட்டோ நாடுகள், அதாவது அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி, ராணுவத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் என்று இலக்கு வைத்தன. பல நாடுகள் அதை எட்டவே இல்லை. 2025 ஜூனில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடி, 2035க்குள் 5 சதவீதம் என்றார்கள். மூன்றரை ராணுவத்துக்கு, ஒன்றரை பாலம், சாலை, இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. ஸ்பெயின் பிரதமர் மட்டும் எங்களுக்கு 2.1 போதும் என்றார். அவர் ஊருக்கும் மாஸ்கோவுக்கும் அவ்வளவு தூரம்! பக்கத்திலிருக்கும் போலந்து அப்போதே 4ஐத் தாண்டியிருந்தது.

ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். 2008இல் ரஷ்யப் படை நுழைந்த ஜார்ஜியாவில் மணி கேட்டது. 2014இல் உக்ரைனிடமிருந்து ரஷ்யா பிடுங்கிய கிரிமியாவில் கேட்டது. ஜெர்மனியோ அதற்குப் பிறகும் ரஷ்யாவிலிருந்து இரண்டாவது எரிவாயுக் குழாய் போட்டுக்கொண்டிருந்தது. 2022இல் உக்ரைனுக்குள் ஆனையே நுழைந்த பிறகுதான் அப்போதைய ஜெர்மன் பிரதமர் ஷோல்ஸ் ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ ஒதுக்கினார்.

சில நேரம் அந்த மணி பலூனிலும் வரும். நேட்டோ நாடான லித்துவேனியாவைவிட, பக்கத்திலிருக்கும் ரஷ்யாவின் கூட்டாளி பெலாரஸில் சிகரெட் மலிவு. கடத்தல்காரர்கள் என்ன செய்கிறார்கள்? வானிலை பலூனில் சிகரெட் பெட்டிகளைக் கட்டி, இடம் காட்டும் கருவி ஒன்றையும் வைத்து, காற்று மேற்கே திரும்பியதும் பறக்க விடுகிறார்கள். இந்தப் பக்கம் காட்டில் ஒருவன் போனைப் பார்த்தபடி காத்திருப்பான். 2025 அக்டோபரில் இந்தப் பலூன்களுக்காக லித்துவேனியத் தலைநகர் வில்னியஸின் விமான நிலையத்தைத் திரும்பத் திரும்ப மூடினார்கள். நேட்டோ போர் விமானங்கள் காவல் காக்கும் வானம், ஐயா! பயணிகள் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குப் போகிறது. காரணம் சிகரெட்! கர்னல் ஐயா சிரிக்கிறார். ஊருக்கு மேலே ஏவுகணை விட்டுச் சுடவா முடியும்? கடைசியில் பெலாரஸ் எல்லையையே சில வாரம் மூடினார்கள், லித்துவேனிய லாரிகள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. இது மறைமுகப் போர் என்கிறது லித்துவேனியா. பெலாரஸ் அதிபர் லுகஷென்கோவோ எனக்கென்ன தெரியும் என்கிறார்.

ஆகவே பயம் பொய்யல்ல, செலவும் வீணல்ல. ஆனால் எதற்குச் செலவு? 2025இல் எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும், ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலகக் கடிதம் கொடுத்துவிட்டன. பின்லாந்து பத்து லட்சம் கண்ணிவெடிகளை அழித்த நாடு! ரஷ்யா அதில் சேரவே இல்லையே என்பது அவர்கள் வாதம். சரி. நார்வேக்கும் ரஷ்யாவோடு எல்லை உண்டு, அது விலக மறுத்துவிட்டதே?

இலங்கையில் போர் முடிந்தது 2009இல். அதன்பின் பல ஆண்டுகள் அங்கே வடக்கிலுள்ள முகமாலையில் பெண்கள் முகக்கவசமும் கனத்த மேலங்கியும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, இரும்புப் பல் வைத்த வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கண்ணிவெடி எடுத்தார்கள். அதற்கு ஐரோப்பியப் பணமும் வந்தது. எடுக்கக் காசு கொடுத்த கண்டம் இப்போது புதைக்கவும் காசு ஒதுக்குமா? ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. பின்லாந்துக் காட்டில் காளான் பறிக்கப் போகும் பாட்டிக்கு எந்த மணி கேட்கும்?

அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவே கையெழுத்துப் போடவில்லையே என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். உண்மைதான், அதற்கும் தனி மனு வைத்திருக்கிறேன்.

தலைவர் இரண்டாவது துண்டுச் சீட்டும் அனுப்பிவிட்டார். வாசலில் நீல மேசையில், டெல்லியிலுள்ள அந்த ஐந்து நாடுகளின் தூதரகங்களுக்கும் கண்ணிவெடி வேண்டாம் என்று எழுதிய மனுக்கள் இருக்கின்றன. காபி குடிக்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பேனா நானே வைத்திருக்கிறேன். முகவரியோடு கையெழுத்திடுங்கள். வணக்கம்.