17-வது இலக்கத்தில் வந்த வம்பு

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பில்தான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். 381654729 பற்றிப் போட்ட வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு முறை வரும். முதல் இரண்டு இலக்கம் 2-ஆல் வகுபடும், முதல் மூன்று 3-ஆல், இப்படியே 9 வரை. "இதோட அண்ணன் யாரு?" என்று கமென்டில் கேட்டுத் துளைத்துவிட்டீர்கள்.

அண்ணன் இவர்தான்: 3608528850368400786036725. 25 இலக்கம்! இங்கே இலக்கங்கள் திரும்ப வரலாம், வகுபடும் விதி மட்டும் அதேதான். 36-ஐ 2 வகுக்கும், 360-ஐ 3, 3608-ஐ 4. 3608528-ஐ 7-ஆல் வகுத்தால் 515504, மீதியே இல்லை. கடைசியில் முழு எண்ணும் 25-ஆல் வகுபடும். இந்த வகையில் இதைவிடப் பெரிய எண் கிடையாது.

சரி, கடுப்புக்கு வருகிறேன். இதையெல்லாம் சரிபார்க்கப் போனால், ஃபோன் கால்குலேட்டர் எல்லா இலக்கத்தையும் காட்டாமல் நடுவில் ஒரு 'E' போட்டுக் கையை விரித்துவிட்டது. அது பரவாயில்லை, தெரியாது என்று ஒப்புக்கொள்கிறது. ஸ்ப்ரெட்ஷீட் செய்ததுதான் அநியாயம். 15 இலக்கத்துக்கு மேல் வருவதையெல்லாம் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும். இந்த எண்ணில் 16-வது இலக்கம் எப்படியும் 0 என்பதால் அதுவரை திருட்டு வெளியே தெரியவே இல்லை. 17-வது 7. அந்த 7-ஐ விழுங்கிவிட்டு 36085288503684000 என்று காட்டுகிறது. 17-ஆல் வகுத்தால் மீதி 10! பாவம், எண்ணின் மேல் தப்பே இல்லை. வழக்கம்போல பேப்பரை எடுத்தேன், நீள் வகுத்தல் போட்டேன். 36085288503684007, மீதி 0. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். 10-வது இலக்கம் 0-வாகத்தான் இருக்க வேண்டும், வேறு வழியில்லை. அதனால் இந்த வகையில் 9 இலக்க எண்களும் 2492, 10 இலக்க எண்களும் 2492. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் பொருந்தும் இலக்கம் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் அந்த எண் அங்கேயே அவுட். 20 இலக்கத்தில் 44 தான் மிச்சம், 24-ல் 3, 25-ல் இவர் மட்டும்.

2024-ல் கண்டுபிடித்த 4 கோடி இலக்கப் பகா எண்ணைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்கு அதில் ஆசையே வரவில்லை. பேப்பரில் எழுதிப் பார்க்க முடியாத எண்ணோடு எனக்கென்ன ஒட்டு?

26-வது இலக்கம் ஏன் வராது என்றும் கேட்பீர்கள். 26 என்பது 2 பெருக்கல் 13. இந்த எண்ணின் பின்னால் ஒரு 0 சேர்த்து 13-ஆல் வகுங்கள், மீதி 12 வரும். அதைச் சரிக்கட்ட அந்த 0 இருக்கும் இடத்தில் 1 வேண்டும். 2-க்கோ இரட்டைப்படை இலக்கம் வேண்டும். 1 போட்டால் 2 ஒத்துக்கொள்ளாது, இரட்டைப்படை போட்டால் 13 ஒத்துக்கொள்ளாது. அவ்வளவுதான், ஆள் நின்றுவிட்டார். பேப்பரில் போட்டுப் பாருங்கள், தயவுசெய்து ஸ்ப்ரெட்ஷீட்டில் வேண்டாம்.