மீட்பு மனிதருக்கு மட்டும் உரியதன்று

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையிலுள்ள பெரியோரே, அனைவருக்கும் வணக்கம்.

கிறிஸ்தவ நம்பிக்கையின்படி மறுவாழ்வு மனிதருக்கு மட்டுமா, எல்லா உயிர்களுக்குமா என்ற தலைப்பில், எல்லா உயிர்களுக்கும் என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸைத் துணைக்கழைத்து, விலங்கின் ஆன்மா புலனுணர்வோடு நின்றுவிடுவது, ஆகவே உடலோடு சேர்ந்து அதுவும் அழிந்துவிடும் என்றார். அக்குவினாஸ் அவ்வாறே கற்பித்தார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பேராசானாகப் போற்றும் அதே திருச்சபையின் பாப்பரசர் பிரான்சிஸ், 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில், நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளியோடு மறுரூபமாகித் தனக்குரிய இடத்தைப் பெறும் என்று எழுதினார் என்பதை எதிரணியினர் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நடுவர் அவர்களே, ஆலயத்தில் நாம் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அறிக்கையிடுவது சரீரத்தின் உயிர்த்தெழுதலை. மண்ணாகிப்போன உடலை எழுப்புவது கடவுளின் செயல். மனிதனுக்கே அது கொடையாகத்தான் கிடைக்கிறது என்னும்போது, மாட்டின் ஆன்மாவுக்கு அதற்கான தகுதி இல்லை என்ற வாதம் எதன்மேல் நிற்கும்? கொடுப்பவர் யாருக்கெல்லாம் கொடுக்கச் சித்தங்கொண்டார் என்றுதான் நாம் கேட்கவேண்டும்.

அதற்கு வேதமே பதில் சொல்கிறது. வெள்ளம் வடிந்தபின் கடவுள் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்யப்பட்டதன்று. பேழையிலிருந்து இறங்கிய பறவைகளோடும் நாட்டு மிருகங்களோடும் காட்டு மிருகங்களோடும் செய்யப்பட்டது என்று ஆதியாகமம் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல், படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்பட்டுத் தவிப்பதாகவும், அழிவின் அடிமைத்தனத்திலிருந்து அதுவும் விடுவிக்கப்படும் என்றும் எழுதுகிறார். மெதடிஸ்த சபையின் தந்தை ஜோன் வெஸ்லி 1781 இல் இந்தப் பகுதியை எடுத்துத்தான், விலங்குகளும் விடுதலை பெறும், இம்மையில் பட்ட துன்பங்களுக்கெல்லாம் ஈடும் பெறும் என்று பிரசங்கித்தார். அவருடைய சபையின் மிஷனரிமார் 1814 இல் இந்த யாழ்ப்பாணத்துக்கே வந்தார்கள்; ஆகவே இது நமக்குப் புதிய போதனையன்று.

ஈடு என்று வெஸ்லி சொன்னதை நம்முடைய மண்ணில் வைத்துப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் போருக்கு அஞ்சிக் கிழக்கே தென்மராட்சியை நோக்கி நகர்ந்து நாவற்குழிப் பாலத்தில் நெரிந்தபோது, கொட்டிலில் நின்ற மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டவர்கள் உண்டு. அவிழ்க்கவும் அவகாசம் கிடைக்காதவர்களும் இந்தச் சபையில் இருக்கக்கூடும். கட்டையைச் சுற்றிச் சுற்றிக் கயிறு குறுகி, தண்ணீர்த் தொட்டி எட்டாமல் நின்ற பசு எந்தப் பாவத்தைச் செய்தது? மனிதனின் பாவத்தால் வந்த துன்பத்தில் அதற்குப் பங்கு உண்டு, மனிதனுக்கு வரும் மீட்பில் பங்கு இல்லை என்றால், அது நீதியுள்ள கடவுளின் தீர்ப்பாக எனக்குத் தோன்றவில்லை.

எதிரணியினர் 49ஆம் சங்கீதத்தை வாசித்து, மிருகங்கள் அழிந்துபோகும் என்றார்கள். அந்தச் சங்கீதம் செல்வத்தை நம்பும் மனிதனின் செருக்கைக் கண்டிக்கிறது. அவனும் மிருகத்தைப் போலவே மடிவான் என்கிறது. மறுவாழ்வில் யாருக்கு இடம் என்பதை வகுக்க வந்த பாடல் அதுவன்று. 36ஆம் சங்கீதமோ, கர்த்தர் மனிதரையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறார் என்று இருவரையும் ஒரே வரியில் வைக்கிறது.

விலங்கினம் தொடரலாம், தனித்தனி விலங்குக்கு மறுவாழ்வு ஏது என்றும் கேட்டார்கள். இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள் விற்கப்பட்டாலும் அவற்றில் ஒன்றேனும் கடவுளால் மறக்கப்படுவதில்லை என்று இயேசு சொன்னதாக லூக்கா எழுதுகிறார். குருவி இனத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. சந்தையில் விலைபோன ஒவ்வொரு குருவியையும் பற்றிச் சொன்னார். கடவுள் மறவாத அந்த ஒன்றை அவரால் எழுப்ப முடியாதா, எழுப்ப மனமில்லையா? இவற்றில் எதை நம்புகிறார்கள் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்தச் சபைக்கு விடை தரட்டும்.